வெள்ளைக் கோடு

எங்கள் ஆபீஸ் செயற்கைக்கோள் தன் மகனின் தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து என் மாமியார் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறார். அதற்கு முன்பு, மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ படம் போடுறா" என்று ஒரே வரியில் என்னை முடித்துவிடுவார். இப்போது நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வாசலுக்கு வந்துவிடும்.

"இன்னைக்கு அவன் மேல போச்சா?"

"போச்சு அத்தை."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இளைச்சிருக்கானா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அது அனுப்புகிற படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு இடம். அதற்குள் ஐம்பது பேர் நின்று கும்மாளம் போட்டாலும் எனக்கு அது ஒரு சாம்பல் புள்ளிதான். இதை இரண்டு முறை விளக்கிப் பார்த்தேன். "அவ்வளவு செலவு பண்ணி மேல அனுப்பி, ஆளு தெரியலைன்னா எதுக்கு?" என்று நியாயமாகக் கேட்டார். மூன்றாவது முறையிலிருந்து, "லேசா இளைச்ச மாதிரிதான் இருக்கு" என்று சொல்லத் தொடங்கினேன். அது பொய் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும், "அங்க எவன் ஒழுங்கா சமைச்சுப் போடுறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போவார். ஒரே ஆளுக்காக ஏங்குகிற இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தால் இப்படித்தான். ஒருத்தி பொய் சொல்ல வேண்டும், இன்னொருத்தி நம்ப வேண்டும்.

என் கணவர் மாட்டு டாக்டர். நான்கு வருஷத்துக்கு முன் அவரை ஆற்றின் கீழ்ப்பக்கத்துச் சமவெளிக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம்தான் என்றார்கள். அந்தச் சமவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அங்கே எதுவும் எதற்கும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று அது குழம்பிப் போகும். ஆறு நிரம்பி வெளியே வந்தால் தண்ணீருக்கும் அதே குழப்பம்தான். மலையடிவாரத்து வெள்ளம் மாதிரி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடாது. வந்து உட்கார்ந்துகொள்ளும். கடன்காரன் மாதிரி நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தண்ணீர் இன்றைக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. மழைக்காலத்தில் மேகம் மூடியிருப்பதால் சாதாரணக் கேமரா உதவாது. எங்கள் செயற்கைக்கோளில் இருப்பது ரேடார். அது தன் அலையைத் தானே கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் போடும். மேகம், இருட்டு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. காய்ந்த நிலம் அலையைச் சிதறடிக்கும், கொஞ்சம் திரும்பி வரும், படத்தில் சாம்பலாகத் தெரியும். அசையாத தண்ணீர் அலையை வேறு பக்கம் வழுக்கித் தள்ளிவிடும், ஒன்றும் திரும்பாது, கறுப்பாகத் தெரியும். மெஷின் கறுப்பை எல்லாம் வெள்ளம் என்று குறிக்கும். மெஷின் குறித்ததைக் கண்ணால் சரிபார்த்து அறிக்கை எழுதுவது நான். என் அறிக்கை சாலை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து ரேடியோவுக்குப் போகும். எந்த ரோடு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை ஜனங்கள் ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் அறை மேல்மாடியில் இருக்கிறது. திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரைச்சீலை. மெஷின்கள் சூடாகக் கூடாது என்று ஏசி எப்போதும் ஓடும். மெஷின்கள் சௌக்கியமாக இருக்கின்றன, மனிதர்களுக்குத்தான் ஜலதோஷம். பக்கத்து மேஜைக்காரர் காலை முழுக்கத் தும்முவார். அவருக்குத் 'தும்மல்' என்றே பெயர் வைத்துவிட்டோம், அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். எங்கள் மேலதிகாரிக்கு 'சுருக்கம்' என்று பெயர். யார் எதைச் சொல்லத் தொடங்கினாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். ஒருமுறை தும்மல் தன் கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோதும் அதையே சொன்னாராம்.

இந்த வருஷம் ஒருவழியாக என் கணவருக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. எங்கள் ஊருக்கே. ஆனால் அரசாங்கம் எதையும் முழுசாகக் கொடுத்துப் பழக்கமில்லையே. மாற்று டாக்டர் நேரில் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டால்தான் இவர் கிளம்பலாம். மாசக் கடைசிக்குள் அது நடக்காவிட்டால் ஆர்டர் செல்லாது. அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து கையேந்த வேண்டும். மாற்று டாக்டர் சொன்ன நாளில் கிளம்பினார். அவர் சமவெளி ரோட்டின் தொடக்கத்தில் இருக்கிற சின்ன ஊருக்கு வந்து சேரவும், ஆறு நிரம்பவும் சரியாக இருந்தது. ரோட்டை மூடினார்கள். அவர் அங்கே ஒரு லாட்ஜில் உட்கார்ந்துகொண்டார். இவர் ரோட்டின் அந்தக் கோடியில் மாடுகளோடு உட்கார்ந்துகொண்டார். கரண்ட் கம்பிகள் விழுந்து அங்கே டவரும் செத்துப் போனது. இரண்டு வாரமாக அவர் குரலை நான் கேட்கவில்லை. படகுக்காரர்கள் மூலமாக "நல்லா இருக்கேன்" என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. அந்த இரண்டு வார்த்தையை நானும் அத்தையும் எத்தனை தினுசாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும்.

ஆக, அவர் வீட்டுக்கு வருவதும் வராததும் ஒரே ஒரு ரோட்டின் கையில் இருந்தது. அந்த ரோடு என் திரையில் இருந்தது.

ரோடு என்றால் ரோடு தெரியாது. ஒரு வண்டி போய் ஒரு வண்டி வரும் அகலம், ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆனால் இரண்டு பக்கமும் மரங்கள் நட்டிருக்கிறார்கள். மரத்தின் இலையும் கிளையும் அலையைத் திருப்பி அனுப்பும். அதனால் சுற்றிலும் வயல்கள் கறுத்துக் கிடக்கும்போது அந்த மரவரிசை மட்டும் வெளிறிய கோடாகத் தெரியும். எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு: கோடு தெரிந்தால் ரோடு தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கோடு கறுப்பில் கரைந்தால் ரோடு போச்சு. இரண்டு வாரமாக அந்தக் கோடு அங்கங்கே மங்கி, பிய்ந்துபோன நூல் மாதிரி கிடந்தது.

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, காலையில் புதுப் படம் வந்தது. திறந்து பார்த்தேன். கோடு பளிச்சென்று இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரே வெள்ளை.

"தும்மல், இங்க வாங்க! இதப் பாருங்க!"

அவர் கைக்குட்டையோடு வந்து பார்த்தார். "அட! நல்லா வெளுத்திருக்கே. மெஷின் என்ன சொல்லுது?"

"காஞ்சிருக்குன்னு சொல்லுது."

"அப்புறம் என்ன, அண்ணன் வீட்டுக்கு வந்தாச்சு!" என்று சொல்லி, பாதிச் சந்தோஷத்தில் தும்மினார்.

எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. மற்ற நாளாக இருந்தால் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக அலசி, மெஷினோடு சண்டை பிடித்து, அப்புறம்தான் எழுதுவேன். மெஷின் சொன்னதை அப்படியே நம்புகிறவர்களை நான் அறைக்குள் நிம்மதியாக உட்கார விட்டதில்லை. அன்றைக்கு எழுதினேன்: "மையச் சாலை முழுவதும் நீருக்கு மேல் உள்ளது." சுருக்கம் சார் படித்துவிட்டு, "இப்படித்தான் எழுதணும்" என்று பாராட்டினார். அறிக்கை போயிற்று.

சிறிது நேரத்தில் அத்தையின் ஃபோன்.

"ஏம்மா, ரேடியோல சொன்னான்! ரோடு திறந்தாச்சாம்!"

"ஆமா அத்தை."

"நீதான் திறந்தியா?"

"நான் எங்க திறந்தேன்? திறந்திருக்குன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். என் வயித்துல பால வாத்த. சரி, அவனுக்குத் தலகாணி பஞ்செல்லாம் கட்டி தட்டிப் போச்சு, வெயில்ல போடலாம்னு பாத்தா வெயிலே இல்ல. சாயங்காலம் வரும்போது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துரு. ரெண்டா வாங்கு. உன்னோடதும் பழசுதான்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மாமியார்களுக்கு எல்லாம் தெரியும், சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுடைய பெருந்தன்மை.

அதற்குமேல் வேலை ஓடவில்லை. வேறு பகுதிகளின் படங்கள் வரிசையில் காத்திருந்தன. நான் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எந்த இடத்தில் பஸ் ஏறுவார், எந்த இடத்தில் தூங்கிப் போய் பக்கத்து ஆள் தோளில் சாய்வார் என்றெல்லாம் மனசு ஓடியது. அந்த ஆளின் தோள்மேல் பொறாமையாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று யாராவது கேட்டால், நாற்பதுக்கு மேல்தான் தேவை என்று சண்டைக்குப் போயிருப்பேன். தினமும் கூடவே இருக்கிற புருஷனோடு பேச விஷயம் இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேச விஷயம் இல்லாமல் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் இடத்தைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

போன கோடையில் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும் நாளில், ரோட்டின் நடுவில் இருக்கிற பாலத்தைத் தாண்டி வந்து, ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கே காற்றில் ஒரு மரம் விழுந்து, வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தது. விழுந்த அடிமரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டோம். பஸ் வந்தது. "அடுத்த பஸ்ல போறேன்" என்றேன். அடுத்த பஸ்ஸும் வந்தது. அவர் கையைக் காட்டி, "போ போ, இந்தம்மா வரல" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். மூன்றாவது பஸ்தான் கடைசி பஸ். அதில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அவர் அந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தார், மரத்துக்குப் பதிலாக.

அந்த இடைவெளி படத்தில் ஒரே ஒரு புள்ளி. மெஷின் கொடுக்கிற சுத்தப்படுத்திய படத்தில் அது தெரியாது. ரேடார் படத்தில் இயல்பாகவே பொடிப் பொடியாகக் கறுப்பும் வெள்ளையும் தெறித்திருக்கும். ஒற்றைப் புள்ளியாக எது இருந்தாலும் மெஷின் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். துடைப்பதற்கு முந்தைய மூலப்படத்தைத் திறந்தால்தான் கிடைக்கும். வேலைக்காக அல்ல, சும்மா ஆசைக்கு, கோடையில் எடுத்த மூலப்படத்தையும் அன்று காலை வந்த மூலப்படத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கோடைப் படத்தில் எங்கள் இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. காய்ந்த மண்ணும் தாரும். சரி.

அன்றைய படத்தில் எங்கள் இடம் கன்னங்கரேலென்று இருந்தது.

முதலில் தூசி என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் அந்தக் கறுப்பின் இரண்டு பக்கமும் இருந்த மரங்களைப் பார்த்தேன். கோடையில் இருந்ததைவிட அவை வெளுத்திருந்தன. எவ்வளவோ வெளுத்திருந்தன. மழையில் நனைந்த மரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்தான், ஆனால் இவ்வளவு மின்னாது. என் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகிவிட்டது.

தண்ணீருக்குள் நிற்கிற மரம் ரேடாருக்கு வேறு விதமாகத் தெரியும். அலை முதலில் தண்ணீரில் பட்டு வழுக்கும், வழுக்கிய வேகத்தில் அடிமரத்தில் மோதும், மோதி நேராக வந்த வழியே திரும்பும். தரையில் குத்திச் சுவரில் பட்டு நம் கைக்கே வருகிற பந்து மாதிரி, மொத்தமும் திரும்பிவிடும். அதனால் படத்தில் அந்த இடம் கறுக்காது, பளபளக்கும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தும்மல் வேலைக்குச் சேர்ந்த வாரம் நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கோடு அத்தனை வெளுத்திருந்ததற்குக் காரணம் ரோடு காய்ந்ததல்ல. இரண்டு பக்கமும் மரத்தடியில் தண்ணீர் நின்றது. ஒரு மரமும் இல்லாத இடத்தில் பார்த்தால் ரோடே கறுப்பு. தண்ணீர் ரோட்டின்மேல் ஏறியிருந்தது.

நான் வெள்ளையைப் பார்த்தேன், வெள்ளையைத்தான் பார்க்க விரும்பினேன், அவ்வளவுதான்.

சுருக்கம் சாரின் அறைக்கு ஓடினேன்.

"சார், ஒரு..."

"சுருக்கமா சொல்லுங்க."

"ரோடு முழுகிருக்கு. காலையில நான் எழுதினது தப்பு."

இதைவிடச் சுருக்கமாக யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள். என்னோடு வந்து திரையைப் பார்த்தார். கறுப்புப் புள்ளியைக் காட்டினேன், மரங்களைக் காட்டினேன். தும்மலும் எட்டிப் பார்த்து, "ஐயையோ, ஆமா" என்றார்.

"இந்த ஒரு புள்ளி எப்படிக் கண்ணுல பட்டுச்சு?" என்று கேட்டார் சார்.

"அங்க ஒரு மரம் விழுந்திருக்கும் சார். எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் இந்த ரோட்டுலதான வரணும்?"

"ஆமா சார்."

சாலை அலுவலகத்துக்கு அவரே ஃபோன் போட்டார். மாற்று டாக்டரின் வேன் அப்போதே ரோட்டில் ஏறிப் போய்விட்டது என்றார்கள். நல்லவேளை, ரோட்டின் இந்தப் பாதியில் டவர் உண்டு. வேன் டிரைவரைக் கூப்பிட்டு, இருக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நான் மேஜைக்குத் திரும்பி, திருத்திய அறிக்கையை எழுதினேன். "மையச் சாலை நீரில் மூழ்கியுள்ளது. போக்குவரத்து கூடாது." மூடு என்று எழுத எத்தனை எழுத்து வேண்டும்? என் கையே எழுதியது. மாசம் முடிய மூன்று நாள்தான் இருந்தது, அந்தத் தண்ணீர் மூன்று நாளில் எழுந்து போகிற ஜாதி இல்லை. ஆர்டர் அத்தோடு போயிற்று என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ரேடியோவில் வந்திருக்க வேண்டும். அத்தையின் ஃபோன் வந்தது.

"ஏம்மா! மறுபடி மூடிட்டாங்களாமே! எந்தக் கடங்காரன் மூடினான்? அவன் கையில..."

"அத்தை, நான்தான்."

மறுமுனையில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"உனக்கு அவன் வேண்டாமா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னை எவ்வளவோ சொல்லியிருக்கிறார். எதற்கும் நான் அழுததில்லை. இதற்கு அழுதுவிட்டேன். தும்மல் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"வேணும் அத்தை. வேணும்னுதான் காலையில கண்ணு மறைச்சிருச்சு. ரோட்டு மேல தண்ணி இருக்கு. வந்தா அடிச்சுட்டுப் போயிரும்."

"அய்யோ" என்றார். பிறகு, "அழாத. அழாதம்மா. நான் ஏதோ கிறுக்குத்தனமா கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டோம்.

அந்த ஃபோனை வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி அடித்தது. அத்தைதான் என்று பார்க்காமலே எடுத்தேன்.

"என்ன மேலோகம், எப்படி இருக்க?"

என்னை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். வானத்திலிருந்து பார்க்கிறவளாம் நான். இரண்டு வாரத்துக்கு அப்புறம் கேட்கிற குரல். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியே உறைத்தது. அவர் இருக்கிற இடத்தில் டவர் கிடையாது. டவர் கிடைக்கிறது என்றால் அவர் அங்கே இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"நடுப் பாலத்து மேல. காலையில ரேடியோல ரோடு திறந்துட்டாங்கன்னு கேட்டேன். யாரு திறந்திருப்பாங்க, நம்ம வீட்டம்மாதானேன்னு ஒரு டிராக்டரப் பிடிச்சுக் கிளம்பிட்டேன். புது டாக்டர நடுவழியிலயே பிடிச்சு, சாவியக் கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு, அதே வேன்ல ஏறி வந்துரலாம்னு. இந்த டிராக்டர் போடுற சத்தத்துல என் பேச்சே எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. கீழ இறங்காதீங்க."

"ஏன்? அதோ, வேன் தெரியுது. சும்மா நிக்குது. ஏன் நிக்குதுன்னுதான் புரியல. நடுவுல ரோட்டு மேல கொஞ்ச தூரம் பளபளன்னு தண்ணி இருக்கு. முழங்காலுக்குக்கூட வராதுங்கிறாரு டிராக்டர்காரரு."

"ரோட்ட மூடியாச்சு. அதனாலதான் நிக்குது."

"யாரு மூடினது?"

"நான்தான்."

"அப்ப காலையில திறந்தது?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரித்தார். "நல்ல கவர்மென்ட்டும்மா நீ."

"சிரிக்காதீங்க. அது நிக்கிற தண்ணி இல்ல. இத்தன நாளா ரோடு அணை மாதிரி தடுத்து வச்சிருந்த தண்ணி, இப்ப ஒரு பக்கத்து வயல்லேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு ரோட்டத் தாண்டிப் போயிட்டிருக்கு. தாருக்கு அடியில மண்ணு அரிச்சிருக்கும். மேல பாத்தா முழங்கால்தான். கால வச்சா ரோடு இருக்குமான்னு தெரியாது."

சிரிப்பு நின்றது. டிராக்டர் தடதடவென்று ஓடுவது கேட்டது. அந்தச் சமவெளியில் பாலத்து மேட்டில் நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரியும். வேனைத் தாண்டி, ரோடு தொடங்குகிற ஊரும் மங்கலாகத் தெரியும். அங்கே பஸ் ஏறினால் விளக்கு வைப்பதற்குள் வீடு.

"ரொம்பக் கிட்ட இருக்கேன்டி" என்றார்.

"தெரியும்."

"அந்தப் புது டாக்டர் வேனை விட்டு இறங்கி நிக்கிறாரு. கையாட்டுறாரு பாவம். மெதுவா ஒரு கழிய வச்சுப் பாத்துப் பாத்து நடந்து வந்துரட்டுமா? மாடே நடக்கும் அதுல. மாட்டப் பத்தி எனக்குத் தெரியும், நம்பு."

அவர் கேட்ட விதம் அப்படி இருந்தது. நான் 'ம்' என்றால் போதும். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஃபோனிலும் நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: வாங்க. எப்ப வர்றீங்க, வாங்க, சீக்கிரம் வாங்க. அது நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. முழங்கால் தண்ணீர்தானே என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சினாள். திரையில் அந்தக் கறுப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

"போங்க" என்றேன்.

"என்னது?"

"திரும்பிப் போங்க."

பிறகு, பழைய கிண்டல் குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து கேட்டார்:

"இது எந்தப் போங்க?"

கல்யாணமான புதிதில் அவர் எதையாவது சொல்லி என்னைச் சீண்டுவார், நான் "போங்க" என்பேன். உடனே இன்னும் நெருங்கி வந்து உட்காருவார். அந்தப் போங்கவுக்கு அதுதான் அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தமிழில் பொண்டாட்டிகள் வேறெதற்கு அந்த வார்த்தையை வைத்திருக்கிறார்கள்?

"இது நிஜப் போங்க," என்றேன். "இதுக்குப் போகணும்."

"சரி" என்றார். அவ்வளவு சன்னமான 'சரி'யை நான் அவரிடம் கேட்டதில்லை. "ஃபோன வைக்காத. டிராக்டரத் திருப்புறாங்க. லைன் இருக்கிற வரைக்கும் பேசு. எதையாவது பேசு."

அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கினால் ஊர் வரைக்கும் டவர் உண்டு. அந்தப் பக்கம் இறங்கினால் ஒன்றும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் பேசினேன். குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை என்றேன். மாடிவீட்டுக்காரர்கள் நாய் வாங்கியிருக்கிறார்கள், அது அவர்களைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்கிறது என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. டிராக்டர் சத்தத்தில் சரியாகப் பிடிபடவில்லை. புதுத் தலகாணி வாங்கப் போறேன், ரெண்டா வாங்கச் சொல்லிருக்காங்க உங்கம்மா, என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தது.

ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமானதிலிருந்து என் பேச்சை ஒருமுறைகூடக் கேட்காத மனுஷன், அன்றைக்குக் கேட்டுவிட்டார்.